கறுப்புக் கல்லும் சிவப்பு மண்ணும்



நாம் ஆசிரியராகப் பணியாற்றுவது குவாந்தான் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டப் பள்ளியில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, பிள்ளைகள் எல்லாரும் வீடு திரும்பிய பிறகு, ஒரு பெரியவர் பள்ளி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் மண். நாற்பது ஆண்டுக் காலம் பால் மரம் வெட்டியவர் அவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் மேட்டுப் பாங்கான இடத்தில் கால் ஏக்கர் நிலம் வாங்கியிருந்தார்.

"சார், இந்த மண்ணக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. செம்மண்ணு, நல்ல மண்ணுன்னு நாலு பேரு சொன்னாங்க. நம்பி வாங்கிட்டேன். மொளகா வச்சேன், சோளம் போட்டேன். சோளம் மொழங்காலுக்கு மேல வரல. எல ஓரமெல்லாம் ஊதாவாப் போகுது. ரெண்டு தடவ உரம் போட்டுப் பாத்துட்டேன். மண்ணு செத்துப் போச்சா சார்?" என்று கேட்டார்.

நாற்பது ஆண்டு உழைப்பின் பலன் அந்தப் பையில் இருந்தது. அவருடைய கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு, செம்மண் எப்படி உண்டாகிறது, அதன் குணம் என்ன, அதை எப்படிப் பேண வேண்டும் என்பதை இன்று பார்ப்போம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும், தோட்டத்தை விட்டு வெளியேறி வீட்டோரம் ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

முதலில் கடற்கரைக்குப் போவோம். குவாந்தான் நகருக்கு வடக்கே பத்து ஹீத்தாம் என்று ஒரு கடற்கரை உண்டு. 'பத்து' என்றால் கல், 'ஹீத்தாம்' என்றால் கறுப்பு. பெயருக்கு ஏற்றபடி அங்கே கரையெல்லாம் கன்னங்கரேலென்ற பாறைகள் கிடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறை அங்கே அழைத்துச் சென்றோம். "சார், நம்ம தோட்டத்து மண்ணு சிவப்பா இருக்கு. இங்க கல்லு கறுப்பா இருக்கு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊருதானே?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அந்தக் கறுப்புக் கல்தான் நம் சிவப்பு மண்ணுக்குத் தாய்.

அந்தக் கல்லின் பெயர் பசால்ட். அது எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கல். 'நம் தீபகற்பத்தில் எரிமலையா?' என்று நேயர்கள் வியக்கலாம். இன்று இங்கே கனல் கக்கும் மலை எதுவும் இல்லை. ஆனால் ஏறத்தாழ 16, 17 லட்சம் ஆண்டுகளுக்கு முன் குவாந்தான் பகுதியில் பூமியின் அடியிலிருந்து கொதிக்கும் பாறைக் குழம்பு வெளிப்பட்டுப் பரவியது. பிறகு ஆறிக் கல்லாயிற்று. ஜொகூரில் சிகாமட் வட்டாரத்திலும் எரிமலைப் பாறைகள் உண்டு. அவை இன்னும் மிகப் பழையவை. ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகள் ஆனவை. சபாவில் தாவாவ் பகுதியிலும் எரிமலை மண் இருக்கிறது. அங்கே கொக்கோ பயிர் செழித்ததற்கு அந்த மண்ணும் ஒரு காரணம். நம் நாட்டு மண் ஆய்வாளர்கள் மண் வகைகளுக்கு ஊர்ப் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அந்த வரிசையில் 'குவாந்தான் மண்', 'சிகாமட் மண்' என்ற இரண்டும் எரிமலைப் பாறையிலிருந்து பிறந்த செம்மண்ணின் பெயர்கள்.

சரி, கறுப்புக் கல் எப்படிச் சிவப்பு மண் ஆயிற்று?

பசால்ட் கல்லை எடுத்து அதில் என்னென்ன இருக்கிறது என்று ஆராய்ந்தால், நூறு பங்கில் ஏறக்குறைய பாதி சிலிக்கா. மணலில் இருப்பது அதுதான். அடுத்தபடியாக அலுமினியம் கலந்த பொருள் சுமார் 15 பங்கு. இரும்பு கலந்த பொருளும் சுண்ணாம்புச் சத்தும் வகைக்கு 10 பங்கு அளவில் உண்டு. எஞ்சியதில் மக்னீசியம், சோடியம், கொஞ்சம் சாம்பல்சத்து, கொஞ்சம் மணிச்சத்து. பயிருக்கு வேண்டிய பல சத்துகள் அந்தக் கல்லுக்குள்ளேயே இருக்கின்றன என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கல்லின் மேல் மழை பெய்கிறது. நம் கிழக்குக் கரையில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான புளிப்புத்தன்மை அடைகிறது. இந்த நீர் வெயிலின் வெப்பத்தோடு சேர்ந்து, பல லட்சம் ஆண்டுகள் கல்லின் விரிசல்களில் புகுந்து அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. சாலை போடுவதற்காகக் குன்றை வெட்டிய இடங்களில் நீங்கள் இதை நேரில் பார்த்திருக்கலாம். சிவப்பு மண்ணுக்குள் உருண்டை உருண்டையாகக் கறுப்புக் கற்கள் பதிந்திருக்கும். அவற்றின் மேல்புறம் வெங்காயத் தோல்போல அடுக்கு அடுக்காக உரிந்து வரும். கல் மண்ணாக மாறுவதன் நடுக்கட்டம் அது.

கரைந்தவை எங்கே போயின? ஒரு சாக்குப் பையில் கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் உப்பு, ஒரு பிடி இரும்பு ஆணி மூன்றையும் போட்டு மழையில் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரையும் உப்பும் இருக்காது. ஆணிகள் மட்டும் துருப்பிடித்துச் சிவந்து கிடக்கும். பசால்ட் கல்லுக்கும் இதுவே நேர்ந்தது. எளிதில் கரையும் சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சோடியம், சாம்பல்சத்து ஆகியவை முதலில் கரைந்து ஆற்றோடும் கடலோடும் போய்விட்டன. பிறகு சிலிக்காவில் பெரும்பகுதி மெல்ல மெல்லப் போயிற்று. கரையாத இரும்பும் அலுமினியமும் பின்தங்கின. இரும்பு காற்றோடு கலந்து துருவாயிற்று. அந்தத் துருவின் ஒரு வகைக்கு ஹெமடைட் என்று பெயர், அது சிவப்பு. இன்னொரு வகைக்குக் கோதைட் என்று பெயர். அது மஞ்சளும் பழுப்பும் கலந்தது. இரண்டும் கலந்த அளவைப் பொறுத்தே மண்ணின் நிறம் அமைகிறது. உங்கள் பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் செம்மண் கறை ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். அது அழுக்கு மட்டுமல்ல, இரும்புத் துருவும்கூட.

ஆகவே, செம்மண்ணின் சிவப்பு அதன் செழிப்புக்கு அடையாளம் அன்று. சத்துகள் பல கழுவிச் செல்லப்பட்ட பிறகு எஞ்சிய இரும்பின் நிறம் அது. நிறத்தைப் பார்த்து நிலம் வாங்குவதில் உள்ள தவறு இதுதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிவந்த மண்ணெல்லாம் எரிமலை மண் அல்ல. கருங்கல், களிப்பாறை முதலியவற்றிலிருந்தும் நம் நாட்டில் சிவப்பும் மஞ்சளுமான மண் உண்டாகிறது. இரும்புச் சரளை நிறைந்த லாட்டரைட் மண் வேறு. தோட்டத்துப் பாதைகளில் கொட்டி அழுத்தும் சிவப்புச் சரளை அந்த வகையைச் சேர்ந்தது. புக்கானன் என்ற ஸ்காட்லாந்து ஆய்வாளர், மலபார்ப் பகுதியில் மக்கள் இதை வெட்டிக் காயவைத்து வீடு கட்டுவதைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 1807ஆம் ஆண்டில் இந்தப் பெயரை வைத்தார். நாம் பேசும் குவாந்தான் செம்மண்ணில் பெரும்பாலும் கல்லும் சரளையும் இருக்காது. பல அடி ஆழத்துக்கு ஒரே சீராக, மெத்தென்று இருக்கும்.

அப்படியானால் இந்த மண் மோசமா? இல்லை. இதன் நல்ல குணங்களையும் குறைகளையும் வரிசையாகப் பார்ப்போம்.

நல்ல குணங்களில் முதலாவது ஆழம். பால் மரத்தின் ஆணிவேர் தடையில்லாமல் கீழே இறங்கும். இரண்டாவது, இதன் பொலபொலப்பு. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பிடி செம்மண்ணை எடுத்து நீர் தெளித்து விரல்களுக்கிடையே தேய்க்க வேண்டும். முதலில் மணல்போல நறநறவென்றிருக்கும். விடாமல் சிறிது நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தால் மாவுபோல வழுவழுப்பாகிவிடும். உண்மையில் இந்த மண்ணில் பாதிக்கு மேல் மிக நுண்ணிய களிமண்தான். ஆனால் இரும்புத் துரு பசைபோல வேலை செய்து, நுண்துகள்களைச் சேர்த்துச் சிறு சிறு மணிகளாகக் கட்டி வைத்திருக்கிறது. அந்த மணிகளுக்கு இடையில் காற்றும் நீரும் தாராளமாகப் போய்வரும். மழை விட்டவுடன் கிள்ளான் கடலோரக் களிமண்ணில் கால் புதையும்; இங்கே சற்று நேரத்திலேயே நடக்கலாம்.

இந்த நல்ல குணமே குறையாகவும் மாறுகிறது. நீர் விரைவில் இறங்கிவிடுவதால், இரண்டு மூன்று வாரம் மழை இல்லாவிட்டால் இளஞ்செடிகள் வாடத் தொடங்கும். இது முதல் குறை. இரண்டாவது, போட்ட உரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சக்தி இந்த மண்ணுக்குக் குறைவு. ஒரேயடியாக நிறைய உரம் போட்டால், அடுத்த பெருமழையில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும். மூன்றாவது, மண் புளிப்பாக இருக்கும். பால் மரமும் செம்பனையும் மரவள்ளியும் அன்னாசியும் புளிப்பைத் தாங்கும். காய்கறிகள் பலவும் தாங்கமாட்டா.

நான்காவது குறைதான் பெரியவருடைய சோளத்தைப் பாதித்தது. மணிச்சத்து என்னும் பாஸ்பரஸை, மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. உழைத்த கூலியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டால் எப்படியோ, அப்படி. மண்ணில் சத்து இருக்கும், வேருக்குக் கிடைக்காது. மணிச்சத்துக் கிடைக்காத சோளம் குட்டையாக நிற்கும். இலை ஓரம் ஊதா நிறம் காட்டும். அவர் உரத்தை நிலம் முழுவதும் தூவிவிட்டிருந்தார். தூவிய உரத்தின் மணிச்சத்தில் பெரும்பகுதியை மண்ணே பிடித்துக்கொண்டது.

இத்தனை குறைகள் இருக்கும்போது காட்டு மரங்கள் மட்டும் இதே மண்ணில் எப்படி வானளாவி வளர்ந்தன? விடை மேல் மண்ணில் இருக்கிறது. காட்டில் செம்மண்ணின் மேல் நாலைந்து அங்குல ஆழத்துக்கு மண் கரும்பழுப்பாக இருக்கும். விழுந்த இலையும் சுள்ளியும் மக்கி உண்டான மண் அது. சத்தைப் பிடித்து வைத்திருப்பதும், ஈரத்தைக் காப்பதும், பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தைச் சிறிது சிறிதாக வேருக்கு விடுவிப்பதும் அந்த மேல் மண்ணில்தான் பெரும்பாலும் நடக்கிறது. பல அடி ஆழச் செம்மண்ணின் செல்வமெல்லாம் ஒரு சாண்கூட இல்லாத அந்த மேல் அடுக்கில் அடங்கியிருக்கிறது. இன்றைய பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவரைக் கேட்டோம்: "பெரியவரே, நிலத்தை வாங்கியவுடன் என்ன செய்தீர்கள்?"

"மேடா இருந்துச்சு சார். மெசின் வச்சு நெரவிட்டேன். மேல இருந்த புல்லு, குப்பை, கறுப்பு மண்ணு எல்லாத்தையும் வழிச்சுப் பள்ளத்துல தள்ளியாச்சு. அப்பத்தான் பளிச்சுனு செவப்பு மண்ணு வந்துச்சு. பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு."

நமக்கு மனம் கனத்தது. காசு கொடுத்து வாங்கிய நிலத்தின் மதிப்பையே, காசு கொடுத்துப் பள்ளத்தில் தள்ளியிருக்கிறார். ஆனால் அவர் மீது குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. நிலத்தை நம்பி வாழ்ந்தவருக்கு நிலத்தைப் பற்றிய இந்தச் செய்தியை யாரும் சொல்லித் தரவில்லை. "மண் சாகவில்லை, பெரியவரே. அதன் மேல்தோல்தான் போய்விட்டது. மறுபடியும் வளர்க்கலாம், நாள் பிடிக்கும்" என்று சொன்னோம்.

அவர் செய்ததை இங்கே சொல்கிறோம். பள்ளத்தில் மழையோடு போகாமல் மிஞ்சிக் கிடந்த கறுப்பு மண்ணை உரச் சாக்குகளில் அள்ளி மேலே கொண்டுவந்தார். நிலம் முழுவதும் பரப்பாமல், செடி வைக்கும் குழிகளில் மட்டும் போட்டார். குழியில் மக்கிய கோழி எருவும் சாணமும் சேர்த்தார். புளிப்பைக் குறைக்க அளவாகச் சுண்ணாம்புத் தூள் கலந்தார். விறகடுப்பு எரிக்கும் வீடுகளில் சாம்பலும் இதற்கு ஓரளவு உதவும். நம் பாட்டிமார் கீரைப் பாத்தியில் சாம்பல் தூவியது சும்மா அல்ல. மணிச்சத்து உரத்தைத் தூவாமல், எருவோடு சேர்த்து வேருக்கு அருகில் வைத்தார். மற்ற உரங்களை ஒரே தடவையாகப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போட்டார். வெட்டிய புல்லையும் காய்ந்த வாழை இலையையும் செடியைச் சுற்றி மூடினார். சரிவுக்குக் குறுக்கே சிறு வரப்புகள் கட்டினார். முதல் ஆண்டு மரவள்ளியும் அன்னாசியும் மட்டும். இரண்டு ஆண்டுக்குப் பிறகு மிளகாய் வைத்தார். ஒரு நாள் பள்ளிக்கு வந்து, மேசை மேல் ஒரு பை மிளகாயை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சிரித்தார்.

நேயர்களே, தோட்டத்தில் தினமும் நாம் செய்யும் வேலைகளை இந்தக் கண்கொண்டு பாருங்கள். இளங்கன்றுகளுக்கு நடுவே பியூரேரியா, கலப்பகோனியம் போன்ற கொடிகளை ஏன் வளர்க்கிறார்கள்? மழைத்துளி மண்ணை நேரே அடிக்காமல் அவை காக்கின்றன. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. வெட்டிய செம்பனை மட்டைகளைக் கண்ட இடத்தில் போடாமல் நிரைக்கு நடுவே அடுக்கச் சொல்வது ஏன்? அவை மக்கி மேல் மண்ணாகின்றன. சரிவில் படிக்கட்டுபோல் வரப்பு வெட்டுவதும், வண்டல் குழி தோண்டுவதும் ஏன்? ஓடும் நீர் நின்று, அது சுமந்து வரும் மண் அங்கேயே தங்க வேண்டும் என்பதற்காக. கிறிஸ்மஸ் தீவுப் பாறைத் தூளைக் கன்று நடும் குழியில் போடுவது ஏன்? புளிப்பு மண்ணில் மெதுவாகக் கரைந்து நெடுநாள் மணிச்சத்துத் தருவதற்காக. நம் தாத்தா பாட்டிமார் வெயிலில் நின்று மண்வெட்டியால் வெட்டிய வரப்புகள் பல இன்னும் மண்ணைத் தாங்கி நிற்கின்றன. கூலி வேலை என்று நாமே குறைவாக எண்ணிய வேலை, ஒரு நாட்டின் மண்ணைக் காத்த வேலை.

மண்ணைக் காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதையும் நம் வட்டாரம் கண்டிருக்கிறது. கரையாமல் பின்தங்கிய அலுமினியம் சில இடங்களில் மிகுந்து, பாக்சைட் என்னும் தாதுவாகியிருக்கிறது. அலுமினியப் பாத்திரத்துக்கு மூலப்பொருள் அதுதான். குவாந்தானுக்கு அருகே புக்கிட் கோ முதலிய இடங்களில் 2013க்குப் பிறகு இந்தத் தாதுவுக்காகச் செம்மண்ணையே தோண்டி ஏற்றுமதி செய்தார்கள். செம்பனை நின்ற நிலங்கள் பல தோண்டப்பட்டன. 2015ஆம் ஆண்டில் மட்டும் 2 கோடி டன்னுக்கும் மேல் சீனாவுக்குப் போயிற்று. லாரிகள் போன சாலைகளிலும், சாலையோர வீடுகளிலும், துணி காயும் கொடியிலும் செந்தூசி படிந்தது. அந்த ஆண்டு முடிவில் கனமழைக்குப் பிறகு கடற்கரையோரம் கடல்நீரே சிவந்தது. 2016 ஜனவரி 15 முதல் அரசாங்கம் தோண்டும் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. நிலம் விட்டவர்களில் பலருக்குக் கையில் நல்ல பணம் கிடைத்தது உண்மை. ஆனால் மேல் மண் போன நிலத்தைத் திரும்பப் பயிருக்குக் கொண்டுவர எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை, கால் ஏக்கரில் நம் பெரியவர் பட்ட பாட்டை வைத்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். பாறையிலிருந்து ஓர் அங்குல மண் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும், ஆயிரக்கணக்கிலும் ஆகலாம். மழையில் அது போவதற்கு ஒரு பருவம் போதும்.

முடிவாக, பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. இரண்டு பழைய பிஸ்கட் டின் மூடிகளில் செம்மண்ணை நிரப்புங்கள். ஒன்றை வெறுமனே விடுங்கள். மற்றொன்றின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள். இரண்டையும் சற்றுச் சாய்வாக வைத்து, பூவாளியால் ஒரே அளவு நீரை ஊற்றி, வழியும் நீரைத் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் பிடியுங்கள். ஒரு குவளையில் நீர் செக்கச் செவேலென்று இருக்கும். மற்றதில் ஓரளவு தெளிவாக இருக்கும். இரண்டு குவளையையும் அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி இருந்தால், குப்பை என்று கூட்டிக் கொளுத்தும் இலைகளை அன்றிலிருந்து அந்தப் பாத்தியில் போடச் சொல்லுங்கள்.

நிலம் வாங்க நினைக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மண்ணின் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டி, மேலே கறுத்த மண் எத்தனை அங்குலம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். வாங்கிய பிறகு நிலத்தை நிரவத்தான் வேண்டுமென்றால், அந்தக் கறுத்த மண்ணை முதலில் ஓரமாக அள்ளிக் குவித்து வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்புங்கள். பெரியவர் இதைத் தம் சேமநிதிப் பணத்தைச் செலவழித்துத் தெரிந்துகொண்டார். நீங்கள் செலவில்லாமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதைச் சொன்னோம்.